அரூருக்கு மட்டும்தான் என் கையெழுத்து

மணி,

நீ தருமபுரி காலேஜில் சேரக் கூடாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ வைத்துவிடுகிறாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. இதையே இன்னொரு தாளிலும் எழுதிப் பால் சொசைட்டிப் பலகையில் ஒட்டப் போகிறேன். பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். உன் அண்ணன் வேலுவைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியிருந்தபோது நான் உனக்குச் சொன்னதை ஊரே கேட்டது. இப்போது சொல்வதையும் ஊர் கேட்கட்டும். போலீஸ்காரர் படித்தாலும் சரி, அந்தக் குமரேசனே வந்து படித்தாலும் சரி.

வேலு செத்ததை நீ பார்க்கவில்லை. நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். நீ வந்து இறங்கியபோது அவனை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். உனக்கு முகம் மட்டும்தான் காட்டினார்கள், அதிலும் பாதிதான். பார்த்தவள் நான் ஒருத்தி. இதுவரை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் உனக்கு இன்னும் வெறி ஏறும் என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தே ஏறிவிட்டது, இனி சொல்வதற்கென்ன.

நமக்கும் உன் பெரியப்பன் வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். அரை நாள் அவர்கள் முறை, அரை நாள் நம் முறை. மோட்டார் ஓட்டுகிற கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நம் முறையில் கரண்டு போய்விட்டால் போன நேரம் நமக்குத் திரும்ப வருமா வராதா என்பதுதான் உன் அப்பா காலத்திலிருந்து சண்டை. உன் அப்பாவும் பெரியப்பனும் வரப்பில் நின்று ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள், சாயங்காலம் ஒரே பீடிக்கட்டில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். அப்பா செத்த பிறகு அந்தத் திட்டு பையன்களிடம் வந்தது. பீடிக்கட்டு வரவில்லை.

அன்றைக்குத் தக்காளி பூ வைத்திருந்தது. தண்ணீர் விடாவிட்டால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். வேலு பாய்ச்சிக்கொண்டிருந்தபோது கரண்டு இரண்டு தடவை போய்ப் போய் வந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பெரியப்பன் மகன் குமரேசன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"எங்க முறை ஆயிடுச்சு. மோட்டாரை நிறுத்து" என்றான்.

"கரண்டு போன நேரத்த யாரு, உங்கப்பனா குடுப்பான்? இன்னும் நாலு பாத்தி கெடக்குது. பாஞ்சதும் நானே நிறுத்தறன், போ."

"உங்கப்பன் செத்தப்பவே கெணத்துல உங்க பாதிய மூடியிருக்கணும்டா."

"பாதிக் கெணத்த மூடறியா? எப்பிட்றா மூடுவ, சொல்லு கேக்கலாம்" என்று வேலு சிரித்தான். நானும் சிரித்தேன், மணி. களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்தேன். சத்தம் கேட்டுத்தான் மறுபடி நிமிர்ந்தேன். முதல் அடி தோளில் விழுந்திருந்தது. வேலு திரும்பினான், திரும்பின தலையில் மண்வெட்டி வாய்ப்பக்கமாக இறங்கியது. தேங்காய் உடைகிற மாதிரி என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் இல்லை. ஈர மண்ணில் வெட்டுகிற சத்தம்தான். வாய்க்காலில் குப்புற விழுந்தான். விழுந்தவன் முதுகிலும் இன்னொன்று போட்டான். நான் ஓடிப்போய்த் தலையை மடியில் தூக்கி வைத்தேன். கையால் அமுக்கினேன், அமுக்கின கை உள்ளே போனது. மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிவந்த தண்ணீர் நாலு பாத்திக்கும் போய்ப் பாய்ந்தது. குமரேசன் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. என்னைப் பார்த்து, "எந்திரிக்கச் சொல்லு சித்தி, எந்திரிக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே நின்றான்.

அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் அவன் நாக்கை இழுத்து அறுக்க வேண்டும்போல் இருக்கிறது. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. அவன் வீட்டுச் சாம்பலைப் பார்க்க வேண்டும் என்று கும்பிடாத நாள் இல்லை.

அதனால்தான் அன்றைக்கு ஒப்பாரியில் அப்படி வந்தது. செத்த வீட்டில் பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழும்போது யார் கொன்றான், யார் பழி முடிப்பான் என்று பேர் சொல்லித்தான் அழுவார்கள், நம் பக்கத்தில் அது வழக்கம். நான் மாரில் அடித்துக்கொண்டு, "மூத்தவனை வெட்டினவனே, என் வயித்துல பொறந்தது இன்னொண்ணு இருக்குதுடா, மணி இருக்கான்டா, உன் தலைய அவன் கொண்டாருவான்டா" என்று பாடினேன். நீ சுவரோரம் நின்றாய். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். அழுகை நின்றுவிட்டது உனக்கு. அதற்குப் பிறகு நீ அழவே இல்லை. காரியத்து அன்று ஏரிக்கரையில் உன் பெரியப்பன் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றான். பங்காளித் தீட்டு அவனுக்கும் உண்டு, அவன் மகன் கொன்ற பிள்ளைக்கு அவனும் தண்ணீர் விட்டாக வேண்டும். அடிக்கப் போன ஆட்களைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் மண்ணை வாரி அவன் மூஞ்சியில் எறிந்தேன். துடைத்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்று தண்ணீர் விட்டான். இரண்டு மொட்டைத் தலையையும் பின்னாலிருந்து பார்த்தால் அப்பனும் மகனும் மாதிரி இருந்தது. உனக்கு அவன் தோள்தான், அவன் நடைதான். நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே ரத்தம் என்பது எனக்கு அன்றைக்கு அருவருப்பாக இருந்தது.

இப்படி இருந்தபோதுதான் நீ போன் பண்ணி, "அம்மா, நான் தருமபுரி கவர்மெண்ட் காலேஜுக்கு மாறிக்கறன். தெனம் வூட்லருந்தே போய் வருவேன்" என்றாய். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. தனியாகக் கிடக்கிறாளே என்று பிள்ளை யோசித்திருக்கிறான் என்று நினைத்தேன். நீ படிக்கிற காலேஜில் டி.சி. தர மாட்டோம், நடுவில் யாரையும் அனுப்புகிற வழக்கம் இல்லை என்றார்கள். நான் வந்து ஆபீஸ் வாசலில் தரையில் உட்கார்ந்தேனே, நினைவிருக்கிறதா. "ஏம்மா கீழ உக்கார்றீங்க, சேர் இருக்குதே" என்றார் அந்த மேனேஜர். "சேர்ல உக்காந்தா எந்திரிச்சுப் போகச் சொல்லுவீங்க சார். தரைய விட்டு எங்க போகச் சொல்லுவீங்க" என்றேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் செத்த பிறகு நீ சிரித்தது அது ஒரு தடவைதான். அந்தச் சிரிப்புக்காகவே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். தடையில்லாச் சான்று கொடுத்தார்கள், டி.சி.யையும் இடம் உறுதியானதும் தருகிறோம் என்றார்கள்.

பிறகு தருமபுரி காலேஜுக்குப் போனோம். அந்தக் கிளார்க் நல்ல மனுஷர். கணக்குப் பாடத்தில் இரண்டாம் வருஷம் ஓர் இடம் காலி இருக்கிறது என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார். "அரூர்லயும் ஒரு எடம் காலின்னு சொன்னாங்கப்பா. ரெண்டும் ஒரே யூனிவர்சிட்டிதான், பாடம் மாறாது. எதுன்னு முடிவு பண்ணிக்க" என்றார். நீ யோசிக்கவே இல்லை. "இங்கதான் சார்" என்றாய். அத்தோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "ஹிஸ்டரி மூணாம் வருசம் எந்தக் கட்டடம் சார்" என்று கேட்டாய்.

"நீ கணக்குக்கு வர்ற, ஹிஸ்டரிய எதுக்குக் கேக்கற?"

"சொந்தக்காரன் ஒருத்தன் படிக்கிறான் சார்."

"பரவால்ல, தொணைக்கு ஆள் இருக்குது" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜாமீனில் வந்த குமரேசன், கேஸ் முடிகிறவரை படிக்கட்டும் என்று அதே காலேஜுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான். ஹிஸ்டரி, மூணாம் வருஷம். ஊரில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் எப்போதும் மாமன், மச்சான் என்று ஆள் இருக்கிறது. காலேஜில் அவன் தனியாள். நீ கணக்குப் படிக்கிறவன், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறாய்.

வெளியே வந்து உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாய், குடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாய், உட்கார்ந்தேன். ஒருவேளை தப்பாக நினைக்கிறேனோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போன பிறகு காரிமங்கலம் சந்தையில் இரும்புப் பட்டறைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உம்பையன் குடுத்த கொடுவாள் ரெடியா இருக்குது. வாங்கிட்டுப் போறியா, அவனே வருவானா?"

"எந்தக் கொடுவாள்?"

"மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டறதுதான். புடியப் பாதியா வெட்டி, மூக்கக் கொஞ்சம் நேராக்கச் சொன்னான். பையில அடங்கணுமாம். இத்தன குட்டப் புடிய வெச்சிகிட்டு நீ எப்பிடித் தட்டு வெட்டுவன்னு கேட்டன். படிக்கிற பையன் இல்ல, அதான் வெவரம் பத்தலன்னு நெனச்சிகினேன்."

"குடுங்க, நான்தான் கேட்டேன்" என்று வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தேன். மணி, அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன். விரலை வைத்துப் பார்த்தேன், வைத்ததுமே கிழித்தது.

இனி நான் சொல்வது உனக்குத் தெரியாது. குமரேசன் ஜாமீனில் வந்த வாரம், அவன் காலேஜ் விட்டு வருகிற பஸ்ஸுக்காக நான் நம் ஊர் நிறுத்தத்தில் நின்றேன். மடியில் கருங்கல் வைத்திருந்தேன், கை நிறைகிற கல். பஸ் நின்றதும் இறங்கினான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான், ஓடவில்லை. கல்லால் அடித்தேன். காது கிழிந்து தொங்கியது. உட்கார்ந்துவிட்டான், அப்போதும் விடவில்லை, தலையிலும் கையிலும் மாறி மாறி அடித்தேன். கையைக் குறுக்கே வைத்தான், விரல் ஒன்று நசுங்கியது. திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அம்மா, உன் பெரியம்மா, வீட்டிலிருந்து தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். என் முடியைப் பிடித்து இழுத்தாள், நான் அவள் முடியைப் பிடித்தேன், இரண்டு பேரும் தார் ரோட்டில் புரண்டோம். ஒரே வீட்டில் வாழ வந்து, ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். அவளால் என் கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கடைசியில், "அடி தாயி, எவ்ளோ வேணும்னாலும் அடி. கண்ணுல மட்டும் படாம அடி" என்றாள்.

கல்லைப் போட்டுவிட்டேன். அவள் மேல் இரக்கம் வந்து போடவில்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதனால் போட்டேன். இத்தனை ரத்தம் வந்தால் என் நெஞ்சில் இருக்கிறது கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்திருந்தேன். துளி இறங்கவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து கை கழுவினேன், பால் கறக்க நேரமாகிவிட்டது, கறந்தேன். வேலு சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் என் மேல் கேஸ் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்பதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவனை அடித்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. அடித்துப் பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம் அது. நீ போக வேண்டாம்.

இன்னொன்று. அடுத்த மாதம் கோர்ட்டில் என்னைக் கூப்பிடப் போகிறார்கள். கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். பெரியப்பன் ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தான். கிணற்றையும் அதைச் சுற்றியிருக்கிற நிலத்தையும் நமக்கே எழுதித் தருகிறேன், சரியாகப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடு என்றான். வந்த ஆளை வாசலிலேயே வைத்துச் செருப்பைக் கழற்றினேன். ஜட்ஜ் முன்னால் நின்று நான் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். வாய்க்கால், நாலு பாத்தி, வேலு சிரித்த சிரிப்பு, என் கை உள்ளே போனது எல்லாவற்றையும். குமரேசன் நின்றுகொண்டு கேட்க வேண்டும். கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், அவன் அம்மா மாதாமாதம் பையைத் தூக்கிக்கொண்டு சேலம் ஜெயிலுக்குப் பஸ் ஏற வேண்டும். அதைப் பார்க்கத்தான் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நீ அவனை வெட்டிவிட்டால் இது எதுவும் நடக்காது. யோசித்துப் பார். இன்றைக்கு வேலு, ஒரு தப்பும் பண்ணாமல் தன் வயலுக்குத் தண்ணீர் விட்டவன், வெட்டுப்பட்டுச் செத்தவன். நீ வெட்டின மறுநாள், பங்காளிச் சண்டையில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று ஆகிவிடும். டீக்கடையில் அப்படித்தான் பேசுவார்கள். பேப்பரிலும் அப்படித்தான் வரும், இரண்டு பேர் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். என் பிள்ளையை அவன் பக்கத்தில் போடுவார்கள், மணி. கணக்கு சரியாகப் போச்சு என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். என் வேலு சரிக்குச் சரி கழிகிற ஆள் இல்லை. அவனை அப்படி ஆக்கினால், குமரேசனுக்குப் பிறகு வேலுவைக் கொன்றவன் நீதான் என்று நான் நினைப்பேன். பெற்ற வாயால் இப்படி எழுத எனக்கு என்னமோ போல இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உன் மீசையைப் பார்த்து, "சிங்கம்டா நீ, அண்ணன் பழிய எப்ப முடிக்கப் போற" என்று கேட்கிற உன் மாமன் பையன்களைப் பக்கத்தில் சேர்க்காதே. அவர்களுக்கு அது திருவிழா மாதிரி. கேஸ் என்று வந்தால் ஒருத்தன் வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்க மாட்டான். என் ஒப்பாரியையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள். நான் பாடினது பொய் இல்லை, அந்த நிமிஷம் நான் அதைத்தான் கேட்டேன். இந்த நிமிஷம் கேட்கவில்லை. நான் உன்னிடம் கொடுத்த வேலையை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவனை வெறுக்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு. எனக்கு வேறு வேலை இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் நான் தனியாக அரூர் போனேன். அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை, கேட்டுக் கேட்டுத்தான் போனேன். காலேஜ் ஆபீஸில் ஒரு பெண் இருந்தது. கணக்கில் இரண்டாம் வருஷம் இடம் இருக்கிறது என்று சொல்லி, காலியிடம் உண்டு என்ற கடிதத்தையும் பிரின்ஸ்பாலிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது. "தருமபுரி உங்களுக்குப் பக்கமாச்சேம்மா, ஏன் இவ்ளோ தூரம் வர்றீங்க" என்று கேட்டது. "அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கும் எங்களுக்கும் ஆவாது" என்றேன். "எங்க வூட்லயும் அப்பிடித்தான்" என்று சிரித்தது. பக்கத்தில் அரசு விடுதி இருக்கிறதாம், இடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ வீட்டிலிருந்து போய் வர வேண்டாம். அந்த வரப்பையும் அந்தக் கிணற்றையும் பார்த்துக்கொண்டே நீ படிக்க வேண்டாம். நான் தனியாக இருப்பேனே என்று யோசிக்காதே, இருந்துகொள்வேன்.

பெற்றவர்கள் கையெழுத்து இல்லாமல் எந்தக் காலேஜிலும் எடுக்க மாட்டார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னது. தருமபுரி விண்ணப்பத்தில் நான் போட மாட்டேன். அரூர் விண்ணப்பத்தில் போட்டுவிட்டேன். அதையும் காலியிடக் கடிதத்தையும் இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன், கடிதத்தைக் காட்டி டி.சி. வாங்கிக்கொள். விண்ணப்பத்தில் உன் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை டி.சி.யையும் மார்க் சீட்டையும் எடுத்துக்கொண்டு அரூரில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து அரூருக்கு நேர் பஸ் இருக்கிறது. தருமபுரிக்கும் நேர் பஸ் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கு, காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் போன் பண்ணு. வேறு ஒன்றும் பேச வேண்டாம், எந்தப் பஸ் என்று மட்டும் சொல்.

அம்மா